கேட்டை நான் மூடவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டை நான் மூடவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். எதித் டீச்சரிடம் சொன்னேன். நிலத்துக்காரர் தோன் அலதீனோவிடம் மூன்று தடவை சொன்னேன்; 'தோன்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா' மாதிரி. எங்கள் வீட்டு நாயிடம்கூடச் சொன்னேன். நாய் மட்டும்தான் நம்பியது.

என் பெயர் யாஸ்னா. வயது பதினொன்று. எங்கள் ஊர் உலகத்தின் தெற்குக் கோடியில், பாத்தகோனியாவில் இருக்கிறது; இங்கே ஏப்ரலில்தான் இலை உதிரும். எங்கள் பள்ளியில் அந்த மாதம் ஒரு போட்டி அறிவித்தார்கள். இலையுதிர்காலம் போய்க் குளிர்காலம் வருவதைப் படம் பிடிக்க வேண்டும். நல்ல படங்கள் அடுத்த வருட நாட்காட்டியில் வரும், மாதத்துக்கு ஒன்றாக. அந்த நாட்காட்டி பாத்தகோனியா முழுக்கப் போகும். அட்டைப் படத்தை மட்டும் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்திருக்கும் பெரிய புகைப்படக்காரர் தோன் ரேனாத்தோ எடுப்பார். எங்கள் படங்களில் எது தேறும், எது தேறாது என்று சொல்லப் போவதும் அவர்தான்.

அவ்வளவுதான், பள்ளியே காட்டுக்கு ஓடியது. என் வகுப்பு பிராவுலியோ, மலைச்சிங்கமான பூமாவைப் படம் பிடித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு வந்தான். புல்லுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு முதுகு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதன் கழுத்தில் நீல ரிப்பன். அது அவனுடைய பக்கத்து வீட்டுப் பூனை.

என் கேமரா சித்தி கொடுத்த பழைய கேமரா. அதன் லென்ஸ் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதில் பூமாவை எடுக்க வேண்டுமானால் பூமாவின் மீசைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை.

அதனால் ஒரு மரத்தை எடுத்தேன்.

தோன் அலதீனோவின் மேய்ச்சல் நிலத்துக்கு மேலே காடு தொடங்குகிறது. காட்டின் ஓரத்தில் ஒரு லெங்கா மரம் தனியாக நிற்கிறது. ஏப்ரலில் அது பச்சையிலிருந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பிறகு நெருப்பாகச் சிவக்கும். தினமும் பள்ளி விட்டதும், லீவு நாளிலும்கூட, மேலே ஏறிப் போவேன். நிலத்தின் நடுவில் ஒரு பழைய கம்பம் உண்டு. அதன் தலையில் கேமராவை வைப்பேன். நான்கு மணிக்கு ஒரு படம். ஒன்றே ஒன்றுதான். மறுநாள் அதே கம்பம், அதே மரம், அதே நான்கு மணி.

"மரத்துக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறியா? எந்த நாட்டுக்குப் போகுது?" என்று கேட்டான் பிராவுலியோ.

"உன் பூமாவுக்குப் பால் ஊத்திட்டியா?" என்று நான் கேட்டேன். அவன் போய்விட்டான்.

இப்போது கேட்டுக்கு வருகிறேன்.

மரத்துக்குப் பக்கத்திலேயே வேலியில் ஒரு பெரிய மரக்கேட் இருக்கிறது. எங்கள் ஊரில் பால்குடி மறந்ததும் குழந்தைக்குச் சொல்லித்தருவது, கேட்டைத் திறந்தால் மூடு என்பதைத்தான். மூடாமல் வந்தால் மாடு போய்விடும். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு காலம், ஒரே ஒரு கேட்டை மட்டும் யாரும் மூட மாட்டார்கள். மலை மேலிருந்து மாடுகளை இறக்கிக் கொண்டுவந்த பிறகு தோன் அலதீனோ இந்தக் கேட்டை அகலத் திறந்து, கம்பியால் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அது வெமுல் மான்களின் வழி. மலையில் பனி கொட்டத் தொடங்கியதும் அவை குட்டிகளோடு அந்த வழியாகத்தான் ஆற்றங்கரைக்கு இறங்கும். இந்த உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கின்றன. அதில் சில எங்கள் மலையில் இருக்கின்றன.

இன்னொரு சட்டமும் உண்டு. கேட்டில் ஏதாவது கோளாறு என்றால், கடைசியாக அந்தப் பக்கம் போனவர்தான் பொறுப்பு. அந்தப் பக்கம் தினமும் போகிற ஒரே ஆள் நான். புரிகிறதா?

மே பதினோராம் தேதி, சனிக்கிழமை காலை. எங்கள் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். தோன் ரேனாத்தோ எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தார். மஞ்சள் நிறக் குளிர்ச்சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஐந்தாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. தோன் அலதீனோ உள்ளே வந்தார். அவர் கையெல்லாம் ரத்தம்.

"மேல் கேட் மூடியிருக்கு!" என்றார். "தாய் மான் வேலியைத் தாண்டிருச்சு. குட்டி தாண்டப் பாத்து, பின்னங்கால் கம்பியில மாட்டிருச்சு. ராத்திரி முழுக்கத் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு, பாவம். இப்பதான் நானும் வனக்காவலரும் கம்பியை வெட்டி எடுத்தோம்."

"செத்துப் போச்சா?" என்று கேட்டான் என் தம்பி தீத்தோ. அவனுக்கு ஆறு வயது.

"உசுரு இருக்கு. நொண்டிக்கிட்டே காட்டுக்குள்ள ஓடிருச்சு. தாயும் மறுபடி வேலியைத் தாண்டி அதுகூடவே போயிருச்சு. பிழைக்குமான்னு தெரியல." அவர் என்னைப் பார்த்தார். "ஏன் மூடுன?"

"நான் மூடலையே!"

"வேற யார் அங்க வர்றா?"

"எனக்குத் தெரியாது. நான் கேட் பக்கமே போறதில்ல. கம்பத்துக்கிட்ட நின்னு படம் எடுத்துட்டு வந்துருவேன்."

"கைப்பழக்கம், தோன் அலதீனோ," என்றார் அம்மா மெதுவாக. "பிறந்ததுலேருந்து மூடு மூடுன்னுதானே சொல்லியிருக்கோம். நினைப்பில்லாம மூடியிருப்பா."

"அம்மா! நான் மூடல!"

தோன் ரேனாத்தோ வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் நேத்து ஏரிப்பக்கம் போயிருந்தேன், இல்லேன்னா பாத்திருப்பேன்," என்றார். பிறகு ஒரு புன்னகையோடு சொன்னார்: "விடுங்க. குழந்தைதானே. மன்னிச்சிருங்க."

மன்னிப்பாம்! செய்யாத தப்புக்கு, கேட்காத மன்னிப்பு! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

"இனிமே என் நிலத்துல கால் வைக்காத," என்றார் தோன் அலதீனோ.

அதைவிட மோசமானது அதற்குப் பிறகுதான் நடந்தது. அம்மா மாத்தே என்ற இலைத் தேநீரை ஊற்றினார். எங்கள் ஊரில் மாத்தே குடிப்பது ஒரே குடுவையில், ஒரே குழாயில். ஒருவர் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததும், அம்மா மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். வட்டத்தில் உட்கார்ந்த யாரையும் விட்டுவிட மாட்டார்கள். எதிரி வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் ஒரு முறை உண்டு. எனக்குப் பதினோரு வயது ஆன அன்றுதான் அந்த வட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது.

குடுவை தோன் அலதீனோவுக்குப் போனது. அடுத்தது என் முறை. நான் கையை நீட்டினேன். அம்மா என்னைப் பார்க்காமல் குடுவையை தோன் ரேனாத்தோவிடம் கொடுத்தார்.

நான் எழுந்து நாயிடம் போனேன்.

போட்டியின் கண்காட்சி அடுத்த வெள்ளிக்கிழமை. என்னிடம் இருந்தது முப்பத்தொரு படங்கள். வானொலியில் பனி வரப்போகிறது என்றார்கள். முதல் பனி மரத்தில் விழும் படம் இல்லாமல் என் வரிசை எப்படி முடியும்? வால் இல்லாத குதிரை மாதிரி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை இரவு, போர்வைக்குள் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையில் படங்களைப் பார்த்தேன். தீத்தோ என் தோளில் தலையை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"வேகமா அமுக்கு அக்கா. இலையெல்லாம் சினிமா மாதிரி விழும்."

வேகமாக அமுக்கினேன். நிஜமாகவே விழுந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு, பாதி சிவப்பு, கொஞ்சமே கொஞ்சம் சிவப்பு.

"மறுபடி!" என்றான். மறுபடி அமுக்கினேன். "மறுபடி!" என்றான்.

நான்காவது தடவை அவன் சிரித்தான். "கடைசில அந்தக் கேட் டப்புனு மூடிக்குது பாரு!"

என் விரல் நின்றுவிட்டது.

படத்தின் இடது மூலையில் கேட் இருந்தது. முப்பது படங்களில் திறந்திருந்தது. முப்பத்தொன்றாம் படத்தில் மூடியிருந்தது. கீழே ஆரஞ்சு எண்களில் தேதி: மே பத்து. நேரம்: நான்கு மணி ஆறு நிமிடம். கேட்டுக்குப் பின்னால், காட்டுப் பக்கத்தில், மஞ்சளாக ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மஞ்சள் குளிர்ச்சட்டை. அதன் பக்கத்தில் மூன்று கால் கேமரா ஸ்டாண்டு.

ஏரிப்பக்கம் போயிருந்தாராம்!

அந்த வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி மழை முகத்தில் அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. கம்பத்தில் கேமராவை வைத்தேன், மரத்தைப் பார்த்தேன், பட்டனை அமுக்கினேன், ஓடி வந்துவிட்டேன். கேட்டைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அப்போதே திறந்திருப்பேன். குட்டி மாட்டியிருக்காது. மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு துண்டு என் மேலும் விழுந்தது.

"போய் அவர் மூஞ்சில காட்டு அக்கா," என்றான் தீத்தோ. "நான் காலைக் கடிக்கிறேன்."

எனக்கும் அதே ஆசைதான். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். பிறகு நின்றேன். என்னை யாரும் கேட்காமலே குற்றவாளி ஆக்கினார்கள். நானும் அதையே செய்வதா? முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை, சமையலறையில் அவர் தனியாக இருந்தபோது கேமராவை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்குத்தான் மூடினேன்," என்றார் கடைசியில், தணிந்த குரலில். "கேட் திறந்திருந்தா மான் நேரா கீழ இறங்கிடும். காஞ்ச புல்லுல நின்னா ஆடு மாதிரி இருக்கும். சிவப்பு மரத்தடியில நின்னாத்தான் அது படம். அப்புறம் கை விறைச்சுப் போச்சு. இருட்டிருச்சு. திறக்க மறந்துட்டேன்."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"சொன்னா அட்டையிலேருந்து என் படத்தைத் தூக்கிருவாங்களே." அவர் குனிந்து என் காதருகே வந்தார். "இங்க பாரு, உன் மரம் ரொம்ப அழகு. ஜூன் மாசப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். எதுக்கு முப்பத்தொண்ணு? இலை நல்லா சிவந்திருக்கிற படம் ஒண்ணு மட்டும் குடு. போதும்."

ஜூன் மாதப் பக்கம் எனக்கு வேண்டும்தான். எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குட்டி ஒரு ராத்திரி முழுக்கக் கம்பியில் தொங்கியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன். "அதுக்குள்ள நீங்களே தோன் அலதீனோகிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

அவர் தலையாட்டினார். இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

புதன் போனது. வியாழன் போனது. அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சிக்கு ஊரே வந்திருந்தது. வாசல் எதிரே, பெரிய சட்டத்துக்குள் தோன் ரேனாத்தோவின் படம் மாட்டியிருந்தது. கடைசிச் சிவப்பு இலைகளுக்குக் கீழே ஒரு வெமுல் தாய், தலையைத் திருப்பி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன கண்ணு, என்ன பார்வை!" என்று எல்லோரும் வியந்தார்கள். அது எதைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். அது வழியைத் தேடியது.

என் படங்களை எதித் டீச்சர் சீட்டுக்கட்டு அளவில் அச்சடித்துத் தந்திருந்தார். அவற்றை நான் சுவரில் ஒரே வரிசையாக ஒட்டினேன். பெரியவர்கள் கண் மட்டத்தில் இல்லை, முதல் வகுப்புப் பிள்ளைகளின் கண் மட்டத்தில். முப்பத்தொரு படங்களுக்குப் பிறகு, அதே அளவில் ஆறு வெள்ளைத் தாள்களை ஒட்டினேன். எதன் கீழும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"ஒரு வரிகூட எழுதலையா யாஸ்னா?" என்றார் எதித் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். பாத்தாலே தெரியும்."

முதல் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக ஓடினால் இலை விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்! ஓடினார்கள், திரும்பி வந்து மறுபடி ஓடினார்கள். தீத்தோ அவர்களுக்குத் தலைவன். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவனுக்கு அந்தக் கேட் பிடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"திறந்திருக்கு, திறந்திருக்கு, திறந்திருக்கு," என்று கத்திக்கொண்டே ஓடினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "திறந்திருக்கு, திறந்திருக்கு, மூடியாச்சு! அப்புறம் ஒண்ணும் இல்ல!"

தோன் அலதீனோ திரும்பினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். முதலில் வெள்ளைத் தாள்களின் முன்னால்தான் நின்றார்.

"இதெல்லாம் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க வரக் கூடாதுன்னு சொன்ன நாளுங்க."

அவர் ஒரு தாள் பின்னால் போனார். முழங்காலை ஊன்றிக் குனிந்து, முப்பத்தொன்றாம் படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மஞ்சள் குளிர்ச்சட்டை போட்டு நின்றவரைப் பார்த்தார்.

"ஏரிப்பக்கம்னு சொன்னீங்க," என்றார்.

"அது வந்து, அது ஒரு சின்ன..." என்று தொடங்கினார் தோன் ரேனாத்தோ. கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து மூலையைப் பார்த்தார்கள். பிராவுலியோகூடப் பார்த்தான்.

தோன் அலதீனோ என்னிடம் வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பொண்ணே."

"சொன்னேனே!" என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் மூடலன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்!"

அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார், விரித்தார்.

"சொன்ன," என்றார். "நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

மேசையருகே அம்மா எல்லோருக்கும் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தார். குடுவை எதித் டீச்சரிடம் போய் வந்தது. தோன் அலதீனோவிடம் போய் வந்தது. அடுத்து நின்றது தோன் ரேனாத்தோ. அவர் கையை நீட்டினார். அம்மா வெந்நீர் ஊற்றினார். குடுவை அந்தக் கையைத் தாண்டிப் போனது. கூட்டத்தைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தது.

"சூடா இருக்கு, பாத்துக் குடி," என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. நான் குடித்தேன். நாக்கு வெந்தது. இருந்தாலும் ஒரு சொட்டு விடவில்லை.

பிறகு அம்மா திரும்பி, மிக மரியாதையாகச் சொன்னார்: "தோன் ரேனாத்தோ, பஸ் மூணு மணிக்கு. வீட்டுக்குப் போய் உங்க பையைக் கட்டிக்கங்க."

"மணி என்ன?" என்று கேட்டார் தோன் அலதீனோ.

"மூணே கால், டீச்சர் கடிகாரத்துல," என்றான் தீத்தோ. அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. நான் பார்த்தபோது இரண்டரை.

"போதும் நேரம். நாலு மணிக்குள்ள மரத்துக்கிட்ட போயிரலாம். குதிரை வெளியில நிக்குது. வா," என்றார் தோன் அலதீனோ என்னிடம்.

அவர் குதிரையில் தனக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார். நாங்கள் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி விழத் தொடங்கிவிட்டது. கேட் அகலத் திறந்து, இரண்டு கம்பிகளால் இறுக்கிக் கட்டியிருந்தது. மரத்தில் ஒரு இலைகூட இல்லை. நான் கம்பத்தின் தலையில் பனியைத் தட்டிவிட்டுக் கேமராவை வைத்தேன். மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், இந்தத் தடவை, மூலையைப் பார்த்தேன்.

"தோன் அலதீனோ," என்றேன் மூச்சை அடக்கிக்கொண்டு.

"பாத்துட்டேன். அசையாத," என்றார் அவர்.

காட்டுக்குள்ளிருந்து தாய் வந்தது. கேட்டுக்கு நடுவில் நின்று காற்றை மோந்து பார்த்தது. அதன் பின்னால் குட்டி வந்தது. நொண்டிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. மணி நான்கு. பட்டனை அமுக்கினேன்.

ஜூன் மாதப் பக்கத்தில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. அதை எதித் டீச்சரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். பிராவுலியோ நாட்காட்டியைக் கண்ணருகே வைத்து, தூர வைத்து, தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான்.

"மான் எங்க இருக்கு? இந்த மூலையில இருக்கே, இதுவா? ரெண்டு எறும்பு மாதிரி இருக்கு!"

"எறும்பாவே இருக்கட்டும்," என்றேன் நான். "தானா நடந்து வந்த எறும்பு."